இரண்டு நொடி வேலைக்கு இத்தனை கனம் எதற்கு?

அவசரமாகக் கிளம்பும் காலையில் செல்ஃப் பட்டனை அழுத்தினால் ‘டிக், டிக்’ என்ற சத்தம்தான் வருகிறது. ஹாரன் அடிக்கிறது, விளக்கும் எரிகிறது, எஞ்சின் மட்டும் சுற்றவில்லை. பேட்டரியில் சார்ஜ் இருக்கும்போது ஏன் இப்படி?

சிறு கணக்கு ஒன்று போடுவோம். காரின் ஸ்டார்ட்டர் மோட்டார் 150 ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொண்டால், இரண்டு நொடியில் செலவாவது 35 ஆம்பியர்-மணி (ஓர் ஆம்பியரை 35 மணி நேரம் தரும் அளவு) பேட்டரியில் ஏறக்குறைய நானூறில் ஒரு பங்குதான். ஆக, இருப்பு போதும். அதை ஒரே வீச்சில் அள்ளிக் கொடுக்க முடிகிறதா என்பதுதான் கேள்வி. பேட்டரியின் உள்மின்தடை 0.01 ஓம் என்றால், அந்த 150 ஆம்பியர் பாயும்போது ஒன்றரை வோல்ட் உள்ளேயே கரைந்துவிடும், 12.6 வோல்ட் 11.1 ஆகும், மோட்டார் சுற்றும். பழசாகி மின்தடை ஏறிவிட்டால் வோல்ட் சரிந்து, மோட்டாருக்கு மின்சாரம் விடும் காந்த சுவிட்சான ரிலே விடுபடும். பாரம் நீங்கியதும் வோல்ட் மீண்டு ரிலே மறுபடி ஒட்டும். நாம் கேட்ட ‘டிக், டிக்’ அதுதான்.

1859-இல் பிரான்சின் காஸ்தோன் பிளாந்தே உருவாக்கிய ஈய-அமில பேட்டரிதான் இன்றும் பெரும்பாலான வண்டிகளில் இருக்கிறது. அதிக மின்னோட்டம் வேண்டுமானால் தகடுகளின் பரப்பு கூட வேண்டும், ஈயம் கனமானது. மின்சாரம் இறங்கும்போது இரு தகடுகளிலும் ஈய சல்பேட் படிகிறது. வண்டியை வாரக்கணக்கில் நிறுத்திவைத்தால் அந்தப் படிவம் இறுகிவிடும். பல பேட்டரிகள் சாவது ஓடி அல்ல, சும்மா நின்றுதான்.

லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரியில் இந்த இறுக்கம் இல்லை. லித்தியம் அயனிகள் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் போய் வருகின்றன, அவ்வளவே. ஒரு செல் 3.2 வோல்ட், நான்கு சேர்ந்தால் 12.8; வண்டியின் மின்சுற்றுக்கு அளவெடுத்ததுபோல் பொருந்துகிறது. எடை மூன்றில் ஒரு பங்கு அளவுதான். தானாக இறங்குவதும் மிகக் குறைவு.

வாங்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். பைக்குகளுக்கான சில லித்தியம் பேட்டரிகளில் அச்சிட்டிருக்கும் ஆம்பியர்-மணி, ‘இத்தனை பெரிய ஈய பேட்டரிக்கு ஈடு’ என்ற பொருளில்தான் இருக்கும். உண்மைக் கொள்ளளவு அதைவிட வெகு குறைவு. ஸ்டார்ட் செய்ய அது போதும். ஆனால் விளக்கை அணைக்க மறந்தால் சீக்கிரம் காலியாகும், முற்றிலும் காலியானால் செல்லே கெடும். சல்பேட்டை உடைக்க உயர் வோல்ட் துடிப்பு அனுப்பும் பழைய சார்ஜரை இதில் மாட்டவே கூடாது. தினமும் ஓடும் ஸ்கூட்டருக்கு ஈயமே போதும் என்பேன். மாதக்கணக்கில் நிற்கும் பைக்குக்கு லித்தியம்.

குளிர்தான் இதன் பெரிய பகை. உறைநிலைக்குக் கீழே அயனிகள் மந்தமாகிவிடும், முதல் முயற்சி தோற்கும். ஒரு நிமிடம் முகப்பு விளக்கை எரியவிட்டால் உள்ளே சூடேறி அடுத்த முயற்சியில் எஞ்சின் பிடித்துக்கொள்வதுண்டு. போர்ஷே நிறுவனம் 2010-இல் தன் 911 ஜிடி3 காருக்கு 6 கிலோவுக்கும் குறைவான லித்தியம் ஸ்டார்ட்டர் பேட்டரியைக் கூடுதல் விலைக்குத் தந்தது. வழக்கமானதைவிட 10 கிலோவுக்கு மேல் இலகு. அதை வாங்கியவர்களுக்குக் கடுங்குளிர் நாட்களில் மாட்டிக்கொள்ள ஓர் ஈய பேட்டரியும் கூடவே வந்தது.