முன்பணம் கொடுப்பதற்கு முன் சர்வே எண்ணைக் கேளுங்கள்

ஒன்றரை ஏக்கர் நிலத்தைக் கிரயம் செய்து, போர்வெல் போட்டு, சுற்றிலும் கல்கால் நட்டுக் கம்பிவேலியும் கட்டிய பிறகுதான் அந்தத் தம்பி என்னிடம் வந்தார். அட்டைப்பெட்டி தயாரிக்கும் தொழில். இயந்திரங்களுக்கு மட்டும் 1 கோடியே 60 லட்சம் ரூபாய் ஆகும் என்று கொட்டேஷன் வாங்கி வைத்திருந்தார். "25 சதவீதம் மானியம் என்றார்கள் சார். 40 லட்சம் வரும் அல்லவா?" என்று கேட்டார். பத்திரத்தில் கிராமத்தின் பெயரைப் பார்த்ததும் எனக்குச் சங்கடமாகிவிட்டது. அவர் நிலம் இருந்த சாலைக்கு எதிர்ப்புறம் உள்ள கிராமம், அரசு அறிவித்திருக்கும் தொழிலில் பின்தங்கிய வட்டாரத்தில் வருகிறது. இவர் வாங்கிய பக்கம் வேறு ஒன்றியம். அது பட்டியலில் இல்லை. இரண்டு பக்கமும் நிலத்தின் விலை ஏறத்தாழ ஒன்றுதான். எதிர்ப்பக்கத்திலும் நிலம் விற்பனைக்கு இருந்ததாம், வாஸ்து சரியில்லை என்று விட்டுவிட்டாராம்.

சிறு தொழில் தொடங்க வருபவர்களுக்குத் திட்ட அறிக்கை தயாரித்துக் கொடுப்பதும், அவர்களோடு வங்கிக்கும் மாவட்டத் தொழில் மையத்துக்கும் நடப்பதும் என் பிழைப்பு. மானியம் கிடைக்காமல் போனவர்களில் பெரும்பாலோர் தகுதியில்லாதவர்கள் அல்லர். தகுதி இருந்தும் செய்ய வேண்டியதை வரிசை மாற்றிச் செய்தவர்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்தத் தம்பிக்கு என்ன நடந்தது என்று சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டில் 388 ஊராட்சி ஒன்றியங்கள் உள்ளன. அவற்றில் பாதிக்கும் மேற்பட்டவை தொழிலில் பின்தங்கிய வட்டாரங்கள் என்று அறிவிக்கப்பட்டவை. 2021ஆம் ஆண்டு குறு, சிறு, நடுத்தரத் தொழில் கொள்கைப்படி, இயந்திரங்களின் மதிப்பில் 25 சதவீதம் முதலீட்டு மானியம் உண்டு. குறுந்தொழில் உற்பத்தி நிறுவனம் என்றால் மாநிலத்தில் எங்கே தொடங்கினாலும் கேட்கலாம். சிறு நிறுவனமும் நடுத்தர நிறுவனமும் பின்தங்கிய வட்டாரத்திலோ அரசின் தொழிற்பேட்டையிலோ இருக்க வேண்டும். சிறப்பு வகைத் தொழில்கள் என்று தனிப் பட்டியல் ஒன்று உண்டு, அவற்றுக்கு இந்த இடக் கட்டுப்பாடு இல்லை. அட்டைப்பெட்டி அந்தப் பட்டியலில் இல்லை. அப்போதைய வரையறைப்படி இயந்திர முதலீடு 1 கோடியைத் தாண்டினால் சிறு நிறுவனம். ஆக மூன்று வாசல்களும் அவருக்கு அடைபட்டன. 2025 ஏப்ரல் 1 முதல் குறு நிறுவனத்துக்கான முதலீட்டு வரம்பு 2.5 கோடியாகவும் விற்றுமுதல் வரம்பு 10 கோடியாகவும் உயர்ந்திருக்கிறது. இன்று வந்திருந்தால் அவர் கணக்கு வேறு மாதிரி அமைந்திருக்கலாம். அதற்காக இடத்தைப் பார்க்க வேண்டாம் என்று ஆகிவிடாது. நிலம்தான் நீங்கள் எடுக்கும் முதல் முடிவு. பிறகு மாற்ற முடியாத முடிவும் அதுதான்.

இதற்கு நேர்மாறான ஒருவரையும் எனக்குத் தெரியும். பட்டியலைப் பார்த்துப் பின்தங்கிய வட்டாரத்திலேயே இடம் பிடித்தார். ஆவணம் எல்லாம் ஒழுங்கு, மானியமும் வந்தது. ஆனால் அவருடைய வாடிக்கையாளர்கள் இருந்தது 70 கிலோமீட்டருக்கு அப்பால். லாரி வாடகையில் நடைக்கு 2,500 ரூபாய் கூடுதல். ஆண்டுக்கு 300 நடை என்றால் ஏழரை லட்சம். ஐந்து ஆண்டில் முப்பத்தேழரை லட்சம். அவர் வாங்கிய மானியம் 30 லட்சம். இயந்திரத்தில் ஒரு பேரிங் தேய்ந்தால் மெக்கானிக் காலையில் பஸ் ஏறி மதியம் வந்து சேருவார், அன்றைய உற்பத்தி போய்விடும். ஷிப்ட் முடிந்த பிறகு பெண்கள் வீடு திரும்ப பஸ் இல்லை என்று வேன் வைத்தார், அதற்கு டீசல் தனி. மானியம் ஒரு முறை வரும். தூரமோ ஒவ்வொரு நாளும் பணம் கேட்கும்.

அரசு இதை அறியாமல் கொடுக்கவில்லை. பின்தங்கிய பகுதிக்குக் கூடுதல் உதவி என்பதன் பொருளே இந்தக் குறைகளுக்கு ஓரளவு ஈடு கொடுப்பதுதான். 1971இல் மத்திய அரசு பின்தங்கிய மாவட்டங்களுக்கென்று முதலீட்டு மானியம் கொண்டுவந்தது, 1988இல் அது நிறுத்தப்பட்டது. அதே 1971இல்தான் தமிழ்நாட்டில் தொழில் வளாகங்களை அமைக்கும் மாநில அரசு நிறுவனமான சிப்காட் தொடங்கப்பட்டது. அன்றைய தருமபுரி மாவட்டத்தில் இருந்த ஓசூரைப் பாருங்கள். பின்தங்கிய ஊர் என்று சொல்லித்தான் அங்கே தொழில் வளாகம் அமைத்தார்கள். இன்று அது ஒரு மாநகராட்சி. சலுகையால் மட்டும் அது நடந்துவிடவில்லை என்பது என் கருத்து. சுமார் 40 கிலோமீட்டரில் பெங்களூர் இருந்தது. வாங்குபவர்களும் உதிரி பாகமும் தொழில் தெரிந்த ஆட்களும் பக்கத்திலேயே கிடைத்தார்கள். சலுகை அந்த ஊருக்கு ஒரு தள்ளு கொடுத்தது. வண்டிக்குச் சக்கரம் ஏற்கெனவே இருந்தது. ஆகவே என்னிடம் வருபவர்களிடம் சொல்வேன்: மானியமே இல்லை என்று வைத்துக்கொண்டு இரண்டு மூன்று இடங்களைத் தேர்ந்தெடுங்கள். அந்த இடங்களுக்குள் எது பின்தங்கிய வட்டாரம் என்று அதற்குப் பிறகு பாருங்கள்.

அடுத்தது பணம் கைக்கு வரும் நேரம். மானியம் என்றதும் அதைத் தொழில் தொடங்கும் பணம் என்றே பலரும் நினைக்கிறார்கள். அது தொடங்கிய பிறகு வருவது. பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தை எடுத்துக்கொள்வோம். உற்பத்தித் தொழிலுக்கு 50 லட்சம் வரை திட்ட மதிப்பு இருக்கலாம். கிராமப் பகுதியில் ஒரு பெண் 40 லட்சத்தில் தொழில் தொடங்குகிறார் என்றால், சொந்தப் பணம் 5 சதவீதம், அதாவது 2 லட்சம். வங்கி 38 லட்சம் கொடுக்கும். மானியம் 35 சதவீதம், 14 லட்சம். இந்த 14 லட்சம் அவர் கையில் வராது. அவர் பெயரில் வங்கியில் மூன்று ஆண்டுகள் வைப்பாக இருக்கும். அதற்கு வட்டி கிடையாது, அதற்குச் சமமான கடன் தொகைக்கும் வட்டி போட மாட்டார்கள். மூன்று ஆண்டு தொழில் நடந்து, நேரில் சரிபார்த்த பிறகு அது கடனில் கழியும். பொதுப் பிரிவு ஆண் என்றால் கிராமத்தில் 25, நகரத்தில் 15 சதவீதம், சொந்தப் பணம் 10 சதவீதம். இங்கேயும் இடம் என்பதே 10 சதவீத வித்தியாசத்தைக் கொண்டுவருகிறது.

இத்திட்டத்தில் பலர் கவனிக்காத ஒரு விதி உண்டு. நடைமுறை மூலதனக் கடனை, அதாவது மூலப்பொருள், கூலி போன்ற அன்றாடச் செலவுக்கான கடனை, வாங்கிவிட்டுத் தொடாமல் வைத்திருக்கக் கூடாது. மூன்று ஆண்டுக்குள் ஒரு கட்டத்திலாவது முழு வரம்பையும் பயன்படுத்தியிருக்க வேண்டும். சராசரிப் பயன்பாடும் 75 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. இல்லையென்றால் அந்த அளவுக்கு மானியத்தைத் திருப்பிக் கேட்பார்கள். திட்ட அறிக்கையில் தேவைக்கு மேல் நடைமுறை மூலதனத்தை ஊதிக் காட்டினால் எவ்வளவு கெடுதல் என்று இதிலிருந்தே தெரியும். நிலத்தின் விலை திட்ட மதிப்பில் சேராது. ஏற்கெனவே நடக்கும் தொழிலுக்கும் இந்த உதவி கிடையாது. வங்கி ஒப்புதலுக்கு முன்பே அவசரப்பட்டு இயந்திரத்தை இறக்கி ஓட்டத் தொடங்கியவர்கள் 'இது புதிய நிறுவனம் அல்ல' என்ற ஒரே காரணத்தால் வெளியே போனதைப் பார்த்திருக்கிறேன்.

மாநில அரசின் நீட்ஸ் திட்டம் முதல் தலைமுறைத் தொழில்முனைவோருக்கானது. 10 லட்சம் முதல் 5 கோடி வரை திட்ட மதிப்பு, 25 சதவீத மானியம், அதிகபட்சம் 75 லட்சம், அதோடு 3 சதவீத வட்டி மானியம். பட்டியலினத்தவரும் பழங்குடியினரும் 2023இல் வந்த அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தை முதலில் பார்ப்பது நல்லது. அதில் 35 சதவீத மானியமும் 6 சதவீத வட்டி மானியமும் உண்டு. ஒரே முதலீட்டுக்கு இரண்டு திட்டங்களில் முதலீட்டு மானியம் வாங்க முடியாது. எது நமக்கு என்று தொடக்கத்திலேயே தீர்மானித்துவிட வேண்டும்.

மானியம் கொடுப்பதற்கு முன் அதிகாரி நேரில் வந்து இயந்திரங்களைச் சரிபார்ப்பார். அப்படி ஓர் ஆய்வு நாள் என் நினைவிலிருந்து போகவே இல்லை. நூல் கண்டுகளுக்கான காகிதக் குழாய் செய்யும் சிறிய ஷெட். அதிகாரி வந்தார், நிதானமானவர். ஒவ்வொரு இயந்திரத்தின் அருகிலும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, பெயர்ப்பலகையின் மேல் படிந்திருந்த கிரீஸை வேஸ்ட் துணியால் துடைத்து, வரிசை எண்ணை விலைப்பட்டியலோடு, அதாவது பில்லோடு, ஒப்பிட்டார். நான்காவது இயந்திரத்தில் கடைசி இலக்கம் ஒத்துப்போகவில்லை. பட்டியலில் 7, தகட்டில் 1. இயந்திரம் விற்றவர் அலுவலகத்தில் யாரோ தட்டச்சில் செய்த பிழை. அதைத் திருத்திய பட்டியலும் கடிதமும் வாங்க எங்களுக்கு நான்கு மாதம் ஆனது. அதற்குள் அந்த அலகின் கோப்பு மானியத்துக்கு ஒப்புதல் தரும் அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிப்போயிற்று. அந்த நாளிலிருந்து, இயந்திரம் லாரியில் இருந்து இறங்கும்போதே பெயர்ப்பலகையைப் படம் எடுத்து பில்லோடு ஒப்பிட்டுப் பார்க்கச் சொல்கிறேன்.

பழைய இயந்திரம் வாங்குபவர்களுக்கும் ஒரு வார்த்தை. பாதி விலைக்கு நல்ல இயந்திரம் கிடைத்தால் தொழிலுக்கு அது சரியான முடிவாகவே இருக்கலாம். ஆனால் முதலீட்டு மானியக் கணக்கில் அது வராது. ரொக்கமாகக் கொடுத்த பணமும் அப்படித்தான்: வங்கி வழியே போகாத தொகைக்கு ஆவணம் காட்டி மாளாது.

இதில் என்னை வருத்துவது இடைத்தரகர்கள். "மானியம் வாங்கித் தருகிறேன், பத்து சதவீதம் கொடுங்கள்" என்பவர்கள் மாவட்டத்துக்கு மாவட்டம் இருக்கிறார்கள். குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம். அதற்கே ஆயிரக்கணக்கில் பணம் கட்டியவர்களைச் சந்தித்திருக்கிறேன். தரகர் கொடுத்த திட்ட அறிக்கையோடு ஒரு பெண்மணி வங்கிக்குப் போனார். மேலாளர் கேட்டது ஒரே கேள்வி: "ஒரு நாளைக்கு எத்தனை கிலோ உற்பத்தி எடுப்பீர்கள் அம்மா?" அவர் பக்கத்தில் நின்ற தரகரைத் திரும்பிப் பார்த்தார். விண்ணப்பம் அங்கேயே முடிந்துபோனது. அந்தப் பெண்மணிக்குத் தொழில் தெரியாமல் இல்லை. பதினோரு ஆண்டு அதே வேலையைக் கூலிக்குச் செய்தவர். அந்த அறிக்கையில் இருந்த எண்கள் அவருடையவை அல்ல, அவ்வளவுதான். பிறகு அவரோடு உட்கார்ந்து மூலப்பொருள், மின்சாரம், சேதாரம் என்று அவர் வாயால் சொல்லச் சொல்ல எழுதினோம். இரண்டு மணி நேரம் ஆனது. இரண்டாவது வங்கியில் எல்லாக் கேள்விக்கும் அவரே பதில் சொன்னார்.

சொத்து அடமானம் இல்லை என்று தயங்குபவர்கள் அறிய வேண்டியது: குறு, சிறு நிறுவனங்களுக்கு ஒரு குறிப்பிட்ட வரம்பு வரையிலான கடனுக்கு வங்கி பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. அதற்கு மேல் போனாலும், நமக்காக வங்கிக்கு உத்தரவாதம் கொடுக்க 2000இல் தொடங்கிய கடன் உத்தரவாத நிதி அறக்கட்டளை இருக்கிறது. கிளையில் மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள்.

இதையெல்லாம் விசாரிக்க எங்கே போவது? மாவட்டத் தொழில் மையம். 1978 முதல் இருக்கிறது. உள்ளே போக யாருடைய சிபாரிசும் வேண்டாம். கிராமத்தின் பெயர், சர்வே எண், என்ன பொருள் செய்யப் போகிறீர்கள், இயந்திரத்துக்கு எவ்வளவு, இந்த நான்கையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போனால் போதும். அந்த இடம் எந்த ஒன்றியம், உள்ளாட்சியில் ஊராட்சியா பேரூராட்சியா, நில வகைப்பாட்டில் தொழிற்சாலைக்கு இடமுண்டா, மாசின் அளவை வைத்து மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் பிரித்திருக்கும் நிறப் பிரிவுகளில் உங்கள் தொழில் எதில் வருகிறது என்று கேளுங்கள். அரசாணைகள் அவ்வப்போது திருத்தப்படுகின்றன. ஆகவே என்னுடைய இந்தக் கட்டுரையைக்கூடக் கையில் வைத்துக்கொண்டு, இன்றும் இப்படித்தானா என்று அங்கே கேட்டுவிடுங்கள்.

போன மாதம் ஒரு தம்பதி வந்தார்கள். தேங்காய் நாரில் செடித்தொட்டி செய்யப் போகிறார்களாம். கணவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தார். மூன்று கிராமங்கள், ஐந்து சர்வே எண்கள், பக்கத்தில் பேனாவால் ஒவ்வோர் இடத்திலிருந்தும் நார் கிடைக்கும் மில்லுக்கு எத்தனை கிலோமீட்டர் என்று குறித்திருந்தார். எந்த இடம் முடிவாகியிருக்கிறது என்று கேட்டேன். அவர் மனைவிதான் பதில் சொன்னார். "இன்னும் யாருக்கும் முன்பணம் கொடுக்கவில்லை சார். நீங்கள் பார்த்துச் சொன்ன பிறகு கொடுக்கலாம் என்று இருக்கிறோம்."