வீல் லேசாகும் நொடி

வியாசர்பாடியில் எங்கள் தெருமுனையில் ஒரு கேம் சென்டர் இருக்கிறது. மூன்று டிவி, இரண்டு பிளேஸ்டேஷன் (மூன்றாவது டிவியில் எப்போதும் கிரிக்கெட்), ஓரமாக மேஜையில் திருகிப் பொருத்திய, உள்ளே மோட்டார் வைத்த ஒரு ஸ்டீயரிங் வீல். போன வாரம் அந்த வீலின்மேல் ‘ரிப்பேர்’ என்று எழுதிய தாள் ஒட்டியிருந்தது. பத்தாவது படிக்கும் பையன் ஒருவன் என்னைப் பிடித்துக்கொண்டான்.

“வளைவுல வண்டி நழுவுறதுக்கு முன்னாடியே வீலு லூசாவுது சார். மோட்டார் அவுட்டுன்றாரு கடைக்காரர். மெய்யாலுமா?”

அவன் ஆடுவது கிரான் டூரிஸ்மோ என்ற கார்ப் பந்தய வீடியோ கேம். 1997 டிசம்பரில் ஜப்பானில் முதலில் வந்த இந்த விளையாட்டை உருவாக்கியவர் கசுனோரி யமௌச்சி. கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்ததோடு நிற்காமல், ஜெர்மனியின் நூர்பர்க்ரிங்கில் நடக்கும் 24 மணி நேரப் பந்தயத்திலும் கார் ஓட்டியவர். 2011-இல் லெக்ஸஸ் காரிலும் 2012-இல் நிசான் ஜிடி-ஆர் காரிலும் அவருடைய அணி தன் பிரிவில் முதலிடம் பிடித்தது. அந்த ஜிடி-ஆரின் சாலைக் கார் 2007-இல் வந்தபோது, டாஷ்போர்டுத் திரையை வடிவமைத்ததே அவருடைய நிறுவனம்தான். விளம்பரத்துக்காகவும் ஓட்டியிருக்கலாம். ஆனால் பையன் கேட்ட கேள்விக்கான பதில் அப்படி ஓட்டிய கைகளுக்குத் தெரிந்திருக்கும்.

வளைவில் காரைத் திருப்பும் விசை டயரிலிருந்துதான் வருகிறது. ஒவ்வொரு டயரும் ரோட்டைத் தொடும் இடம் ஏறத்தாழ ஓர் உள்ளங்கை அளவு. உராய்வைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் படித்தது போதும், நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

வீட்டில் துணி துவைக்கும் பிரஷ் இருந்தால் எடுத்து, முட்கள் கீழே இருக்கும்படி தரையில் அழுத்திப் பக்கவாட்டில் மெதுவாகத் தள்ளிப் பாருங்கள். கட்டை நகரும், முள்ளின் நுனி நகராது. முட்கள் வளைந்து உங்கள் கையை எதிர்த்துத் தள்ளும். இன்னும் தள்ளினால் ஒரு கட்டத்தில் நுனிகள் பிடியை விட்டுச் சர்ரென்று வழுக்கும். டயரைப் படிப்பவர்களும் இதை ‘பிரஷ் மாடல்’ என்றுதான் சொல்கிறார்கள்.

வளைவில் சக்கரம் பார்க்கும் திசையும் அது போகும் திசையும் ஒன்றல்ல, இடையே சில டிகிரி வித்தியாசம் இருக்கும். தொடும் இடத்தின் முன்விளிம்பில், பிரஷ் முள் போன்ற ஒரு ரப்பர் துணுக்கு வந்து ரோட்டில் ஒட்டும்போது அது வளைந்திருக்காது. சக்கரம் உருள உருள அந்தத் துணுக்கு பின்விளிம்பை நோக்கிப் போகிறது; போகப் போக வளைவு கூடுகிறது. ஆக, முன்னால் இருப்பவை லேசாகவும் பின்னால் இருப்பவை பலமாகவும் தள்ளுகின்றன. எல்லாவற்றையும் கூட்டினால் விசை தொடுமிடத்தின் நடுவில் விழாமல், சில சென்டிமீட்டர் பின்னால் தள்ளி விழுகிறது.

அந்தச் சில சென்டிமீட்டர்தான் எனக்குப் பிடித்த இடம். ஆஸ்பத்திரி ஸ்ட்ரெச்சரின் சின்னச் சக்கரத்தைக் கவனித்திருப்பீர்கள். அது தன் அச்சுக்குப் பின்னால் தொங்குவதால், தள்ளியதும் தானாக நேராகிவிடும். கார் டயரிலும் விசை பின்னால் விழுவதால் சக்கரம் தானாக நேராகிவிட முயல்கிறது. நாம் ஸ்டீயரிங்கில் ‘கனம்’ என்று உணர்வதில் இந்த எதிர்ப்புக்கு முக்கியப் பங்கு உண்டு.

சரி, இன்னும் திருப்புகிறோம். முதலில் எது வழுக்கும்? அதிகம் வளைந்து நிற்கும் பின்பக்கத் துணுக்குகள். வழுக்கல் பின்விளிம்பில் தொடங்கி முன்னோக்கி ஊர்ந்து வரும்போது, விசை விழும் புள்ளியும் முன்னே நடுவை நோக்கி நகர்கிறது. மொத்தப் பிடி இன்னும் கூடிக்கொண்டேதான் இருக்கும், ஆனால் நடுவிலிருந்து அந்தப் புள்ளி வரை உள்ள தூரம், அதாவது நெம்புகோலின் நீளம், குறைந்துவிட்டது. அதனால் பிடி உச்சத்தைத் தொடுவதற்கு முன்பே ஸ்டீயரிங் லேசாகிறது. ‘இதோ விடப்போகிறேன்’ என்று டயர் முன்கூட்டியே கையில் சொல்லிவிடுகிறது! இதை யாரும் திட்டமிட்டுச் சேர்க்கவில்லை, ரப்பர் வளைவதிலிருந்து தானாக வருவது.

விளையாட்டுகள் பொதுவாக ஒவ்வொரு முள்ளையும் கணக்கிடுவதில்லை. நெதர்லாந்துப் பேராசிரியர் ஹான்ஸ் பசேய்கா ஒரு சமன்பாடு தந்தார். முக்கோணவியலின் சைனுக்குள் ஆர்க்டேனைச் செருகி, சோதனை இயந்திரத்தில் டயரை உருட்டி எடுத்த எண்களைப் போட்டால், டயரின் நடத்தை கிட்டத்தட்ட அப்படியே வந்துவிடும். ஏன் அந்த வடிவம் என்பதற்குப் பெரிய காரணம் கிடையாது, பொருந்துகிறது, அவ்வளவுதான். பெயரே ‘மேஜிக் ஃபார்முலா’. இந்த மாதிரிக் கணக்கை நொடிக்குப் பலநூறு தடவை போட்டு, விடையை வீலுக்குள் இருக்கும் மோட்டாருக்கு அனுப்புகிறார்கள். நிஜக் காரில் முதுகும் காதும் சொல்லும் சேதிகள் நாற்காலியில் உட்கார்ந்து ஆடுபவனுக்கு இல்லை. அவனுக்கு அந்த மோட்டார்தான் முதுகு.

வடசென்னைக்காரனாக ஒரு ஆதங்கம். எம்ஆர்எஃப் 1946-இல் பொம்மை பலூன் கம்பெனியாகத் தொடங்கியது நம் திருவொற்றியூரில்தான். ஊருக்கு வடக்கே சோழவரத்தில், பழைய விமான ஓடுதளத்தில், பல பத்தாண்டுகள் பந்தயம் நடந்தது. 2024-இல் தீவுத்திடலைச் சுற்றி ராத்திரியில் ஃபார்முலா 4 கார்ப் பந்தயம் நடந்தது. அந்தச் செலவில் ஒரு துளியையாவது இந்தப் பக்கத்துக் கல்லூரிகளில் டயர் சோதனை இயந்திரம் வைக்கக் கொடுக்கலாம். நாமும்தான், வண்டி எடுத்த அன்று டயருக்கடியில் எலுமிச்சம்பழத்தை நசுக்குகிறோம், அப்புறம் காற்று அளவைப் பார்ப்பதே இல்லை. எலுமிச்சைச் சாறு மேலே சொன்ன முட்களுக்கு உதவாது, காற்றழுத்தம் உதவும்.

சாயங்காலம் பையனைக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். தாளை ஒதுக்கிவிட்டு அவன் வீலைப் பிடித்தான். வளைவு வந்தது, வீல் லேசானது. வழக்கம்போல இன்னும் திருப்பப் போனவன் நிறுத்தி, அரை விரல் அளவு திருப்பத்தைத் தளர்த்தினான். கனம் திரும்பி வந்தது, கார் சுவரில் மோதவில்லை. கடைக்காரர் அதைப் பார்த்தபடியே, “அப்போ மோட்டார் மாத்த வேணாமா?” என்றார். வேண்டாம் என்றேன். தாளைக் கிழித்தவர், வீல் வாடகையை மணிக்குப் பத்து ரூபாய் ஏற்றிவிட்டார்.