ஊசி மருந்தில் கண்ணாடிச் செதில்: சோதனை கேட்கும் முன் கவனிக்க வேண்டியவை

காசு கொடுத்து வாங்கிய மருந்தை அரசுப் பகுப்பாய்வாளரிடம் (மருந்தைச் சோதித்து அறிக்கை தரும் அரசு அதிகாரி) கொடுத்துச் சோதித்து, அவர் கையொப்பமிட்ட அறிக்கையைப் பெறும் உரிமையை 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருள்கள் சட்டத்தின் 26ஆவது பிரிவு எவருக்கும் தருகிறது. 14-ஏ படிவத்தில் விண்ணப்பித்துக் கட்டணம் செலுத்த வேண்டும். சட்டம் இவ்வளவுதான், அலைச்சல் அதற்குப் பிறகே தொடங்குகிறது.

குப்பியின் கண்ணாடி தரம் குறைந்திருந்தாலோ, காரத்தன்மை மிகுந்த மருந்து அதில் நெடுநாள் நின்றாலோ, உட்சுவர் மெல்லிய செதில்களாக உரிந்து மருந்தில் மிதக்கக்கூடும். கண்ணாடியின் வகையை லேபிளில் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியாது என்பதால், வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பதே வாங்குபவரால் இயன்றது.

"வாங்கிய" என்ற சொல்லில்தான் பலர் சிக்குகிறார்கள். ஒரு தனியார் மருத்துவமனையில், எல்லா மருந்துகளையும் ஒரே வரியில் "மருந்துச் செலவு" என்று எழுதிக் கொடுத்துவிட்டு, குப்பியையும் குப்பையில் போட்டுவிட்டதால், ஒரு குடும்பம் கையில் எதுவுமின்றி நின்றதைப் பார்த்திருக்கிறேன். மருந்தின் பெயரும் பேட்ச் எண்ணும் (ஒரே தடவையில் தயாரான தொகுதியின் எண்) உள்ள பில்லை அன்றைக்கே கேட்டு வாங்குங்கள்.

வாங்கியபடியே, கைபடாமல் கொடுக்கிறேன் என்று படிவத்தில் உறுதிமொழி தர வேண்டும். ஆகவே திறந்த குப்பி உதவாது. ஆம்பூல் எனப்படும் முழுதும் மூடிய கண்ணாடிக் குப்பியின் கழுத்தை உடைக்கும்போதே கண்ணாடித் தூள் உள்ளே விழும் என்பதால் அது இன்னும் பலவீனமான சான்று. அதே பேட்ச்சில் திறக்காத குப்பிகளை வாங்கிக் கொடுங்கள். இன்சுலின் போன்றவற்றை 2 முதல் 8 டிகிரி குளிரில் வைத்திருக்காவிட்டால், பழி உங்கள் வீட்டுக் குளிர்பெட்டியின் மீது விழும்.

படிவத்தில் சோதனைக்கான காரணம் கேட்கும் இடத்தில் "தரம் சரியில்லை" என்று பொதுவாக எழுதாமல், மிதக்கும் துகளைச் சோதிக்க வேண்டும் என்றே எழுதுங்கள். இல்லையேல் மருந்துச் சத்து சரியான அளவில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்து "தரமானது" என்று அறிக்கை வந்துவிடலாம்.

அரசு மருத்துவமனையில் இலவசமாகக் கிடைத்த மருந்துக்கு இந்த வழி பொருந்தாது. மாதிரி எடுக்கும் அதிகாரம் மருந்து ஆய்வாளருக்கு உண்டு. அவருக்கு எழுத்துமூலம் புகார் கொடுத்து, தேதியிட்ட ஒப்புகை பெறாமல் திரும்பாதீர்கள். "மருத்துவமனையில் கேளுங்கள்" என்று அவர் சொல்வது பதிலாகாது.

ஊசி ஏற்கெனவே போடப்பட்டிருந்தால் முதலில் மருத்துவரிடம் காட்டி, அதை நோயாளிக் குறிப்பில் எழுதச் செய்யுங்கள். 1800-180-3024 என்ற இலவச எண்ணில் பக்கவிளைவைத் தெரிவிக்கலாம். ஆனால் அது பதிவு மட்டுமே, இழப்பீடு வராது. இழப்பீட்டுக்கு மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை 2 ஆண்டுகளுக்குள் அணுக வேண்டும். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்கு உட்பட்டிருந்தால் அங்கே மனுக் கட்டணம் கிடையாது.