நோயாளிகளிடம் இல்லாத வைரஸ்

2009 அக்டோபரில் 'சயின்ஸ்' இதழில் ஓர் ஆய்வுக் கட்டுரை வந்தது. நாள்பட்ட களைப்பு நோய் உள்ள 101 பேரின் ரத்தத்தைச் சோதித்ததில் 68 பேரிடம், எலி வைரஸ்களுக்கு உறவான எக்ஸ்எம்ஆர்வி என்ற வைரஸின் மரபுப்பொருள் தென்பட்டதாம். நோயில்லாத 218 பேரில் 8 பேரிடம் மட்டுமே அது இருந்தது. அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள விட்டமோர் பீட்டர்சன் நிறுவனத்தின் ஜூடி மிகோவிட்ஸ் குழு, தேசியப் புற்றுநோய் நிறுவனத்தோடும் கிளீவ்லாந்து கிளினிக்கோடும் சேர்ந்து செய்த ஆய்வு அது. எச்ஐவி எந்தக் குடும்பமோ அந்த ரெட்ரோவைரஸ் குடும்பத்தைச் சேர்ந்தது எக்ஸ்எம்ஆர்வி. உடம்பில் இப்படியொன்று இருக்கிறது என்றால் யாரும் பதறத்தான் வேண்டும். இந்த நோயாளிகளில் பலர் நிம்மதி அடைந்தார்கள்.

ஏன் என்று புரிய, இந்த நோய் எப்படிப்பட்டது என்று தெரிய வேண்டும். 'களைப்பு' என்ற பெயரே இவர்களுக்குச் செய்த அநியாயம் என்பேன். கொஞ்ச தூரம் நடந்தாலோ, அரை மணி நேரம் சேர்ந்தாற்போல் பேசினாலோ, மறுநாளோ அதற்கும் மறுநாளோ உடம்பு மொத்தமாகச் சரிந்துவிடும். தூங்கி எழுந்தாலும் தெளியாது. சிலர் இருட்டறையில் ஆண்டுக்கணக்கில் படுத்தே கிடக்கிறார்கள். ஆனால் வழக்கமான ரத்தப் பரிசோதனைகளில் எதுவும் சிக்காது. 1955இல் லண்டன் ராயல் ஃப்ரீ மருத்துவமனையில் சுமார் 300 பேர், பெரும்பாலும் அங்கே வேலை செய்தவர்கள், இதுபோன்ற நோயில் விழுந்தார்கள். 15 ஆண்டு கழித்து இரண்டு மனநல மருத்துவர்கள் பழைய குறிப்பேடுகளை மட்டும் படித்துவிட்டு, அது கூட்டு மனக்கோளாறு என்று எழுதினார்கள். நோயாளிகளை அவர்கள் நேரில் பார்க்கவில்லை. அந்த முத்திரை பல பத்தாண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தது. எக்ஸ்எம்ஆர்வி அதைக் கிழித்துவிடும் என்று நம்பியவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மூன்றே மாதத்தில் சிக்கல் தொடங்கியது. பிரிட்டனில் 186 நோயாளிகளைச் சோதித்தார்கள். ஒருவரிடமும் வைரஸ் இல்லை. நெதர்லாந்திலும் இல்லை. அமெரிக்காவின் நோய்க் கட்டுப்பாட்டு மையம் தேடியும் கிடைக்கவில்லை. இடையில், 2010 ஆகஸ்டில், வேறொரு அமெரிக்கக் குழு 37 நோயாளிகளில் 32 பேரிடம் எலி வைரஸின் தடயம் இருப்பதாக அறிவித்தது. முதல் ஆய்வு உறுதியாகிவிட்டது என்று பலர் எண்ணினார்கள். உற்றுப் பார்த்தால் அவர்கள் கண்டது எக்ஸ்எம்ஆர்வி அல்ல, எலி வைரஸ்களில் வேறொரு வகை. அதற்குள் கனடா, ஆஸ்திரேலியா போன்ற நாடுகள் இந்த நோயாளிகளிடம் ரத்ததானம் வாங்குவதை நிறுத்தின. சில நோயாளிகள் எச்ஐவி மருந்துகளை விழுங்கவும் தொடங்கியிருந்தார்கள்.

ஒரே வைரஸ் ஓர் ஆய்வகத்தில் கொட்டிக்கிடக்க, இன்னோர் ஆய்வகத்தில் அடியோடு இல்லாமல் போவது எப்படி? வைரஸின் மரபுப்பொருளைத் தேடப் பயன்பட்ட பிசிஆர் சோதனையின் அபாரத் திறமையே இதில் வில்லன் ஆனது. பிசிஆர், தேடும் டிஎன்ஏ துண்டை ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பாக்கும். ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, 30 சுற்று முடியும்போது 100 கோடியைத் தாண்டிவிடும். ரத்தத்தில் இருந்த துண்டா, குழாயில் ஒட்டியிருந்த துண்டா என்று அது பிரித்துப் பார்ப்பதில்லை. எலிகளின் மரபணுத் தொகுதியிலோ பழைய ரெட்ரோவைரஸ்கள் ஏராளமாகப் பதிந்து கிடக்கின்றன. எலியின் டிஎன்ஏ கண்ணுக்குத் தெரியாத அளவில் கலந்தாலே போதும். அது எங்கிருந்தெல்லாம் கலந்தது என்று தேடியவர்கள், கடையில் வாங்கும் பிசிஆர் கலவையிலேயே அதைக் கண்டுபிடித்தார்கள். டிஎன்ஏவைப் பிரதியெடுக்கும் நொதியைச் சூடேறும்வரை அடக்கி வைக்கச் சில கலவைகளில் எலியிலிருந்து எடுத்த எதிர்ப்புரதத்தைச் சேர்ப்பார்கள். அதோடு எலியின் டிஎன்ஏவும் வந்துவிட்டது.

அப்படியானால் நோயாளிகளிடம் மட்டும் அதிகமாகத் தெரிவானேன்? இரு தரப்பு மாதிரிகளையும் ஒரே காலத்தில் எடுத்து, ஒரே மாதிரி சேமித்து, ஒரே முறையில் திறந்து சோதிக்காவிட்டால் கலப்படமும் ஒரே அளவில் நேராது. எந்தக் குழாயை அதிக முறை திறந்தார்களோ அதில் அதிகம் கலக்கும். பார்ப்பவருக்கு அது நோயின் அடையாளம் போலவே தோன்றும்.

கலப்படம் இருந்திருக்கலாம் என்று சொல்வது எளிது, நிரூபிக்க வேண்டுமே. 2010 டிசம்பரில் லண்டனில் ஒரு குழு வைரஸின் வம்சாவளியை வரைந்து பார்த்தது. இந்த முழுக் கதையிலும் என்னை மிகவும் கவர்ந்த இடம் இதுதான். ஆளுக்கு ஆள் பரவும் ரெட்ரோவைரஸ், பிரதியெடுக்கும்போதெல்லாம் எழுத்துப்பிழை விடும். அதனால் இரண்டு பேரிடம் எடுத்த எச்ஐவி அச்சு அசலாக ஒன்றுபோல் இருக்காது. வெவ்வேறு நோயாளிகளிடம் கிடைத்ததாகச் சொன்ன எக்ஸ்எம்ஆர்வியிலோ ஏறக்குறைய வேறுபாடே இல்லை. 22ஆர்வி1 என்று ஒரு செல் வரிசை உண்டு. புராஸ்டேட் புற்றுக்கட்டியிலிருந்து வளர்த்து, உலகெங்கும் ஆய்வகங்களில் பயன்படுத்துவது. அதற்குள் இருந்த எக்ஸ்எம்ஆர்வியில் வேறுபாடு அதிகம். செல் வரிசையில் இருந்தது பாட்டி, நோயாளிகளிடம் கிடைத்ததாகச் சொன்னவை பேரப்பிள்ளைகள் என்று மரத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

பாட்டி பிறந்த கதையை 2011இல் வினய் பதக், ஜான் காஃபின் ஆகியோரின் குழுக்கள் அவிழ்த்தன. அந்த செல் வரிசையின் மூலக்கட்டி, 1990களில் ஓர் எலியிலிருந்து இன்னோர் எலிக்கு என்று ஒட்டி ஒட்டி வளர்க்கப்பட்டது. உறைய வைத்திருந்த பழைய மாதிரிகளை எடுத்துப் பார்த்தார்கள். தொடக்க காலக் கட்டிகளில் எக்ஸ்எம்ஆர்வி இல்லை. பின்னால் வந்தவற்றில் இருந்தது. அந்த எலிகளிடம் இரண்டு பழைய வைரஸ்கள் இருந்தன. ஒவ்வொன்றிலும் எக்ஸ்எம்ஆர்வியின் ஒரு பாதி. ரெட்ரோவைரஸ் தன்னைப் பிரதியெடுக்கும்போது அதன் நொதி ஒரு மூலப்படியிலிருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடியது. 1993க்கும் 1996க்கும் இடையில் எப்போதோ அப்படித் தாவித் தாவி இரண்டையும் கோத்ததில் புது வைரஸ் பிறந்தது. அதே தாவல்கள் அதே இடங்களில் இன்னொரு முறை தற்செயலாக நடக்க வாய்ப்பு, லட்சம் கோடியில் ஒன்று என்ற அளவுதான். ஆக, எக்ஸ்எம்ஆர்வி கற்பனையல்ல. மனித செல்களைத் தொற்றக்கூடிய உண்மையான வைரஸ். அது நோயாளிகளுக்குள் இருக்கவில்லை, அவ்வளவுதான்.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 2011 செப்டம்பரில், எந்தக் குழாய் யாருடையது என்று சொல்லாமல் ஒன்பது ஆய்வகங்களுக்கு மாதிரிகளை அனுப்பினார்கள். எந்த ஆய்வகத்தாலும் நம்பகமாக வைரஸைக் கண்டுபிடிக்க முடியவில்லை. முதல் ஆய்வில் பங்கேற்ற கிளீவ்லாந்தின் ராபர்ட் சில்வர்மேன் தம் பங்கு மாதிரிகளில் கலப்படம் இருந்ததை அறிந்து, தம் முடிவுகளைத் திரும்பப் பெற்றார். அந்த டிசம்பரில் 'சயின்ஸ்' முழுக் கட்டுரையையும் விலக்கிக்கொண்டது. 2012இல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் இயன் லிப்கின் தலைமையில் 147 நோயாளிகளையும் 146 ஆரோக்கியமானவர்களையும் வைத்துக் கடைசிச் சோதனை நடந்தது. மிகோவிட்ஸும் அதில் பங்கேற்றார். வைரஸ் யாரிடமும் இல்லை.

இத்தோடு, தொற்றுக்கும் இந்த நோய்க்கும் தொடர்பே இல்லை என்று முடிவு கட்டியவர்கள் தவறு செய்தார்கள். ஆஸ்திரேலியாவின் டப்போ பகுதியில் எப்ஸ்டீன்-பார் வைரஸ், ராஸ் ரிவர் வைரஸ், க்யூ காய்ச்சல் ஆகியவற்றில் ஒன்று தாக்கிய 253 பேரைத் தொடர்ந்து கவனித்து, 2006இல் முடிவை வெளியிட்டார்கள். ஆறு மாதம் கழித்து, சுமார் 11 சதவீதம் பேருக்கு நாள்பட்ட களைப்பு நோயின் வரையறைக்குப் பொருந்தும் நிலை இருந்தது. இரண்டு வைரஸ், ஒரு பாக்டீரியா. மூன்றுக்கும் பிறகு வந்தது ஒரே வகைத் துயரம். கோவிட் வந்துபோன பிறகு மீளாமல் கிடப்பவர்களிடமும் அதே சாயலைக் காண்கிறோம். உள்ளே ஒளிந்திருக்கும் கிருமி எது என்ற கேள்வியைவிட, கிருமி போன பிறகும் உடம்பு ஏன் பழைய நிலைக்குத் திரும்பவில்லை என்ற கேள்வியே இப்போது முக்கியம் என்று நினைக்கிறேன்.

டப்போ ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. யார் இந்த நோயில் சிக்குவார்கள் என்பதை முன்கூட்டிக் காட்டியது முதல் காய்ச்சலின் கடுமை. அவர்களுடைய மனநிலை அதைக் காட்டவில்லை.