சைலன்சரை மாற்றும் முன் காருக்கு அடியில் குனிந்து பாருங்கள்

சேரன்மகாதேவியிலிருந்து ஓர் இளைஞர் சென்ற மாதம் என் பட்டறைக்கு வந்தார். 1.2 லிட்டர் பெட்ரோல் கார். வேறொரு இடத்தில் சைலன்சர் மாற்றி மூன்று வாரம் ஆகியிருந்தது. "அண்ணாச்சி, பின்சீட்டில் உட்கார்ந்தாலே அம்மாவுக்குத் தலைவலி வந்துவிடுகிறது. ஏ.சி. கேஸ் கசிகிறதா என்று பாருங்கள்" என்றார்.

ஏ.சி.யில் ஒரு குறையும் இல்லை. வண்டியைத் தூக்கி அடியில் பார்த்தேன். பழைய குழாயை அறுத்துப் புதியதை வெல்டிங் வைத்த இடத்தைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. குழாயின் வாலும் பம்பரைத் தாண்டி வெளியே வராமல் உள்ளேயே முடிந்திருந்தது. குலவணிகர்புரம் ரயில்வே கேட்டில் என்ஜினை அணைக்காமல் காத்திருக்கும்போதெல்லாம் புகை அடித்தளத்தில் தேங்கி, டிக்கி ரப்பர் இடுக்கு வழியாக உள்ளே போயிருக்கிறது. அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. ஆக்சிஜனை முந்திக்கொண்டு ரத்தத்தில் ஒட்டிக்கொள்ளும். தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல், அதன்பின் தூக்கம். அந்தத் தூக்கத்தை நினைத்தால் எனக்கு இன்றும் பதறுகிறது.

சைலன்சர் மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 2023 டிசம்பரில் திருநெல்வேலியில் வந்த வெள்ளத்தில் மூழ்கிய எத்தனையோ கார்களுக்கு உள்ளே துருவேறி, மாற்றியே ஆகவேண்டியிருந்தது. எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டும்.

என்ஜினிலிருந்து கேட்டலிட்டிக் கன்வர்ட்டர் வரைக்கும் உள்ள பகுதியில் கை வைக்காதீர்கள். பிளாட்டினம், பலேடியம், ரோடியம் பூசிய தேன்கூடு போன்ற அந்தப் பொருள்தான் நச்சுப் புகையின் பெரும்பகுதியை மாற்றி அனுப்புகிறது. "அதை எடுத்துவிட்டால் வண்டி பறக்கும்" என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு வந்துவிடுங்கள். 2020 ஏப்ரலில் வந்த பி.எஸ்.-6 என்ற புகைக் கட்டுப்பாட்டு விதிப்படி செய்த கார்களில் கன்வர்ட்டருக்கு முன்னும் பின்னும் ஆக்சிஜன் சென்சார் உண்டு. கன்வர்ட்டரை எடுத்தால் என்ஜின் எச்சரிக்கை விளக்கு எரியத் தொடங்கும். எடுத்த கன்வர்ட்டரை உள்ளிருக்கும் உலோகத்துக்காக நல்ல விலைக்கு விற்றுவிடவும் ஆள் இருக்கிறது.

குழாயின் அகலத்திலும் ஏமாறாதீர்கள். 1.2 லிட்டர் என்ஜினுக்கு 2 அங்குலத்துக்கு மேல் தேவையே இல்லை. இரண்டரை அங்குலக் குழாய் போட்டால் புகையின் வேகம் குறைந்து, என்ஜின் மெதுவாகச் சுழலும் கீழ்ச்சுற்றில் இழுவை போய்விடும். பாபநாசத்திலிருந்து காரையாறு ஏறும் மலைச்சாலையில் கியரை இறக்கி இறக்கி ஓட்டும்போது அது தெரியும். டர்போ இல்லாத சிறிய காரில் சைலன்சரை மட்டும் மாற்றினால் கூடுகிற சக்தி, காலுக்குத் தெரியாத அளவுதான். கூடுவது சத்தம். நாங்குநேரி வழியாக நாகர்கோவில் போகும் நால்வழிச்சாலையில் ஒரே வேகத்தில் போகும்போது காதுக்குள் ரீங்காரம் நிற்காது.

உவரி, இடிந்தகரைப் பக்கம் இருப்பவர்கள் உப்புக்காற்றுக்குத் தாங்கும் 304 ரகத் துருப்பிடிக்காத எஃகைக் கேளுங்கள். காந்தம் இறுக ஒட்டினால் அது 304 ஆக இருக்காது. உள்ளே கண்ணாடிப் பஞ்சு சுற்றிய நேர்க்குழாய் ரகம் வாங்கினால், பஞ்சு கருகக் கருகச் சத்தம் ஏறும் என்பதையும் சேர்த்து யோசியுங்கள்.

பாளையங்கோட்டையில் தெருவுக்குத் தெரு பள்ளிக்கூடம், ஐகிரவுண்டில் அரசு மருத்துவமனை. அவற்றைச் சுற்றி 100 மீட்டர் அமைதி மண்டலம். பகலில் 50 டெசிபல்தான் வரம்பு. சத்த, புகை வரம்பை மீறினால் மோட்டார் வாகனச் சட்டம் 190(2) பிரிவின்படி முதல் முறைக்கே 10,000 ரூபாய் வரை அபராதமோ மூன்று மாதம் வரை சிறையோ உண்டு. சட்டத்தை விடுங்கள், அந்த வார்டில் படுத்திருப்பவர் நம் வீட்டு ஆளாகவும் இருக்கலாம்.

பொருத்தி முடித்ததும் நீங்களே சோதியுங்கள். காலையில் என்ஜின் குளிர்ந்திருக்கும்போது, திறந்த வெளியில் வண்டியை ஓடவிட்டு, குழாய் வாயைத் தடித்த துணியால் சில விநாடிகள் மட்டும் அழுத்திப் பிடிக்கச் சொல்லுங்கள். எங்காவது 'உஸ்' என்று கேட்டால் அங்கே கசிகிறது. சோப்பு நீர் தடவினால் இடம் துல்லியமாகத் தெரியும். சூட்டில் விரிந்து சுருங்கி, குழாயை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புகள் தளரும் என்பதால், பதினைந்து நாள் கழித்து மறுபடியும் இறுக்கிப் பார்க்க வேண்டும்.

சேரன்மகாதேவித் தம்பியின் வண்டியில் அந்த வெல்டிங்கை அறுத்தெடுத்து, கசிவை அடைக்கும் கேஸ்கட் வைத்த இணைப்புப் போட்டு, குழாயின் வாலைப் பம்பருக்கு வெளியே நீட்டினேன். பதினைந்தாம் நாள் இறுக்கிப் பார்க்க வந்தபோது அம்மாவையும் பின்சீட்டில் உட்காரவைத்தே ஓட்டிவந்தார்.