சீசன் மூன்று மாதம், தவணை பன்னிரண்டு மாதம்

போன ஐப்பசியில் குற்றாலத்து லாட்ஜ்காரர் ஒருவர் பாளையங்கோட்டையில் இருக்கும் என் ஆடிட் அலுவலகத்துக்கு வந்தார். மஞ்சள் பைக்குள் வங்கி அனுப்பிய மூன்று பதிவுத் தபால்கள். ஒன்றைக்கூடப் பிரிக்கவில்லை.

"பிரிச்சா மட்டும் பணம் வந்துருமா சார்?" என்றார்.

"பிரிக்காம வச்சதுல நாப்பது நாள் போயிட்டே அண்ணாச்சி" என்றேன்.

தவணை நின்றுபோனால், கோர்ட்டுக்குப் போகாமலே அடமானச் சொத்தை எடுத்து விற்க வங்கிக்கு வழி தருவது சர்ஃபாசி சட்டம். அதன்படி நோட்டீஸ் வந்தால் கையில் இருப்பது 60 நாள். அதற்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால், வங்கி 15 நாளுக்குள் பதில் சொல்லியாக வேண்டும். கெடு தாண்டினால் சொத்தைச் சுவாதீனம் எடுக்கலாம். அப்புறம் 45 நாளுக்குள் மதுரையிலுள்ள கடன் வசூல் தீர்ப்பாயத்துக்குத்தான் ஓட வேண்டும்.

இதற்கெல்லாம் முன்பே ஒரு வாசல் இருக்கிறது. தவணை 90 நாளுக்கு மேல் நின்றால்தான் கணக்கு வாராக்கடன் ஆகும். அதற்கு முன்னாலேயே, 25 கோடி ரூபாய் வரை கடன் உள்ள சிறு, நடுத்தர நிறுவனங்கள் 'நெருக்கடியில் இருக்கிறோம், மறுசீரமைப்பு வேண்டும்' என்று வங்கியிடம் தாமாகவே விண்ணப்பிக்கலாம். ரிசர்வ் வங்கி 2016-இல் கொண்டுவந்த விதிமுறை இது. சிறு, நடுத்தரத் தொழில் என்று அரசு தரும் உத்யம் பதிவுச் சான்றைக் கையோடு கொடுங்கள். நடவடிக்கை முடியும்வரை வாய்திறக்காமல் இருந்துவிட்டுக் கடைசியில் இந்தப் பாதுகாப்பைக் கேட்க முடியாது என்று உச்ச நீதிமன்றமும் 2024-இல் சொல்லிவிட்டது.

சரி, அரசாங்கம் உதவவில்லையா? உதவியது. 2020, 2021 இரண்டு சீசனும் அருவியில் குளிக்கத் தடை. 2021 மார்ச்சில் அவசரகாலக் கடன் உத்தரவாதத் திட்டத்தை ஓட்டல்களுக்கும் நீட்டித்தார்கள். 2020 பிப்ரவரி இறுதியில் இருந்த பாக்கியில் 40 சதவீதம் வரை புதுக்கடன், ஆறு வருடத் தவணை, முதல் இரண்டு வருடம் அசல் கட்ட வேண்டாம். அது வராவிட்டால் நான் பார்க்கும் லாட்ஜ்களில் பாதி அப்போதே பூட்டியிருக்கும். ஆனால் அதுவும் கடன்தானே. இரண்டு வருடம் கழிந்ததும் பழைய தவணையோடு புதுத் தவணையும் சேர்ந்து நின்றது. திட்டம் கால அவகாசம் தந்தது. அறைக்கு ஆள் தரவில்லை.

எனக்கு நிஜமாகவே கவலை தருவது இந்த அறைக் கணக்குதான். அண்ணாச்சியின் பதிவேட்டை ஒவ்வொரு பக்கமாகப் பார்த்தேன். மொத்தம் 24 அறைகள். ஆடியில் ஒரு அறை காலியில்லை. கார்த்திகையில் ஐயப்ப பக்தர்கள் வருகிறார்கள், ஆனால் குளித்துவிட்டு வேனிலேயே கிளம்புகிறவர்கள்தான் அதிகம். மாசியில் நாளுக்கு மூன்று அறை, நான்கு அறை. கடன் வாங்கும்போது கொடுத்த ப்ராஜெக்ட் ரிப்போர்ட்டிலோ வருடம் முழுக்க 60 சதவீதம் நிரம்பும் என்று இருக்கிறது. அப்படி எழுதித் தருவதில் எங்கள் தொழிலுக்கும் பங்கு உண்டு, அதை மறைக்க விரும்பவில்லை. அந்த ரிப்போர்ட்டுக்குப் பிறகு அதே தெருவில் இரண்டு லாட்ஜ்கள் முளைத்துவிட்டன.

ஏலம் விட்டால் தீர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள். கடன் கணக்கு முடியும், அறைகள் அங்கேயேதான் இருக்கும். கேட்க ஆளில்லாமல் ஏலத்தொகை இறங்கி, அடிமாட்டு விலைக்கு எடுத்தவர் குறைந்த வாடகைக்கு விடுவார். ஒழுங்காகத் தவணை கட்டிவந்த பக்கத்து லாட்ஜ்காரர் தானும் வாடகையைக் குறைப்பார், அடுத்த வருடம் அவர் கையிலும் ஒரு நோட்டீஸ் இருக்கும். ஒரு ஊரில் ஏற்கெனவே எத்தனை அறை, சீசன் இல்லாத மாதத்தில் எத்தனை நிரம்புகிறது என்று பார்த்த பிறகே வங்கிகள் புது லாட்ஜுக்குக் கடன் கொடுக்க வேண்டும் என்று அரசு கட்டாயமாக்க வேண்டும்.

அண்ணாச்சிக்கு மீதி இருந்தது இருபது நாள். பதிலோடு மூன்று வருடப் பதிவேட்டின் நகலையும் வைத்தோம். தவணையின் பெரும்பகுதியை ஜூன் முதல் ஆகஸ்ட் வரை கட்டுகிறோம், மற்ற மாதங்களில் குறைத்துத் தாருங்கள் என்று கேட்டோம். மேல்மாடியின் பத்து அறைகளைத் தென்காசியில் வேலை பார்ப்பவர்களுக்கு மாத வாடகைக்கு விடுவதாக அவரே எழுதிக் கொடுத்தார். பன்னிரண்டாம் நாள் வங்கியிலிருந்து பேசக் கூப்பிட்டார்கள்.