சொல் விளக்கம்: தவணை வரம்பு

ஆங்கிலத்தில் இதை 'டேர்ம் லிமிட்' என்பார்கள். தேர்தலில் வென்று வருபவர் ஒரு பதவியை எத்தனை தடவை வகிக்கலாம் என்று சட்டம் கட்டும் உச்ச அளவு. நம் செய்திகளில் 'பதவிக்கால எல்லை', 'பதவிக்கால வரையறை' என்று எழுதுகிறார்கள். அப்படி எழுதும்போது எத்தனை வருடம் என்ற கேள்வியும் எத்தனை தடவை என்ற கேள்வியும் கலந்துவிடுகின்றன.

'டேர்ம்' லத்தீன் 'தெர்மினுஸ்' வழி வந்தது; எல்லை, முடிவு என்று பொருள். 'லிமிட்'டின் மூலம் 'லிமெஸ்', வயல்களைப் பிரிக்கும் வழிக்கும் அங்கே அந்தப் பெயர் உண்டு. கிழக்கிலங்கையின் படுவான்கரையிலோ சம்மாந்துறையிலோ வேளாண்மை செய்பவருக்கு இதற்கு அகராதி வேண்டாம், அது வரம்புதான். 'டேர்ம்' என்பதற்கும் நம் பள்ளிக்கூடங்களில் நல்ல சொல் புழங்குகிறது: முதலாம் தவணை, இரண்டாம் தவணை. தமிழ்நாட்டில் தவணை என்றால் முதலில் கடன்தான் நினைவுக்கு வரும். இங்கே எண்ணிச் சொல்லும் காலப்பகுதிக்கும் அதுவே சொல். ஆகவே தவணை வரம்பு என்பதே பொருத்தம். பதவிக்காலம் என்பதை ஒரு தவணையின் நீளத்துக்கு மட்டும் வைத்துக்கொள்ளலாம். கிழக்கு மாகாண சபை 2017இல் கலைந்து, பிறகு ஆண்டுக்கணக்காகத் தேர்தல் நடக்காமல் கிடந்தது பதவிக்காலம் பற்றிய பிரச்சினை. தவணை வரம்புக்கும் அதற்கும் தொடர்பில்லை.

இந்த வேறுபாடு நம் இலங்கை அரசியலமைப்பிலேயே இருக்கிறது. சனாதிபதியின் பதவிக்காலத்தை ஆறு வருடத்துக்கு மேல் நீட்ட வேண்டுமானால் பாராளுமன்றத்தில் மூன்றில் இரண்டு பங்கு போதாது, மக்கள் தீர்ப்பும், அதாவது மக்களின் நேரடி வாக்கெடுப்பும், வேண்டும். மக்களால் இரு தடவை தெரிவானவர் மீண்டும் போட்டியிட முடியாது என்ற வரம்புக்கோ அந்தக் காவல் இல்லை. அதனால்தான் 2010இல் 18ஆவது திருத்தம் 161 வாக்குகளால் அதை நீக்க முடிந்தது. 2015இல் 19ஆவது திருத்தம் திரும்பக் கொண்டுவந்தது. நீளத்துக்குப் பூட்டுப் போட்டுவிட்டு எண்ணிக்கையைத் திறந்து விட்டது பெரிய குறை என்றே நினைக்கிறேன். வரம்பை நீக்குவதற்கும் மக்களிடம்தான் வர வேண்டும். பாராளுமன்ற உறுப்பினருக்கும் பிரதேச சபை உறுப்பினருக்கும் தவணை வரம்பே கிடையாது.

வரம்பை எந்தச் சட்டத்தில் எழுதுவது என்பதும் முக்கியம். அமெரிக்காவில் சில மாநிலங்கள் தங்கள் காங்கிரஸ் உறுப்பினர்களுக்குத் தாங்களே வரம்பு போட்டன. அரசியலமைப்பைத் திருத்தாமல் அது செல்லாது என்று 1995இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சரி, ஊர்ச் சங்கத்தில் கொண்டுவருவதென்றால்? பொதுக்கூட்டத்தில் யாப்பை, அதாவது சங்கத்தின் அடிப்படை விதிகளை, திருத்த வேண்டும். அங்கே 'தொடர்ந்து' என்ற ஒரு சொல்லில் கவனம் வேண்டும். 'தொடர்ந்து இரண்டு தவணைக்கு மேல் தலைவராக இருக்கக் கூடாது' என்று எழுதினால், ஒரு தவணை விலகி நின்றவர் திரும்பி வரலாம். ரஷ்ய அரசியலமைப்பில் அப்படித்தான் இருந்தது; 2008இல் விலகிய புட்டின் 2012இல் மறுபடி சனாதிபதியானார். அதோடு, இடையில் வெற்றிடம் நிரப்ப வந்தவரின் காலத்தை ஒரு தவணையாக எண்ணுவதா என்பதையும் எழுதி வையுங்கள். அமெரிக்காவின் 22ஆவது திருத்தம் அதற்கு இரண்டு வருடக் கணக்கு வைத்திருக்கிறது: இன்னொருவரின் தவணையில் இரண்டு வருடத்துக்கு மேல் இருந்தவர் அதன் பிறகு ஒரு தடவைதான் தெரிவாகலாம்.